கண்டியில "இன்டக்ரேட்டிவ் நியூட்ரிஷன்" ரெண்டு நாள் வர்க்ஷொப்புக்கு 17,500 கட்டலாமா?

கொட்டகலை_நர்ஸ் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில நர்சா இருக்கேன், கிழமைக்கு ரெண்டு நாள் சீனி வருத்தம், பிறசர் கிளினிக் என் பொறுப்பு. போன கிழமை வட்ஸ்அப்ல ஒரு ஃப்ளையர் வந்திச்சு, கண்டியில ஒரு ஹொட்டேல்ல ரெண்டு நாள் வர்க்ஷொப், போசணையும் இன்டக்ரேட்டிவ் ஹெல்த்தும் (இங்கிலீசு வைத்தியத்தோட மத்த வைத்தியத்தையும் சேர்த்துப் பாக்குறது), டொக்டர், நர்ஸ், மிட்வைஃப் எல்லாருக்குமாம், 17,500 ரூபா, பகல் சாப்பாடும் சர்ட்டிபிகேட்டும் உண்டு. சர்ட்டிபிகேட்ல "இன்டக்ரேட்டிவ் நியூட்ரிஷன் ப்ரெக்டிஷனர்"னு போட்டுக் குடுப்பாங்களாம். இருபதாம் தேதிக்கு முன்னாடி கட்டுனா 15,000.

நான் ஏன் யோசிக்கிறேன்னா இத கேளுங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்க கிளினிக்குக்கு வர்ற ஒரு அம்மா, மலையில கொழுந்து எடுத்து ஓய்வு எடுத்தவங்க, பத்து வருஷமா சீனி இருக்கு, விடாம விக்கல்னு வந்தாங்க. மூணு நாளா விக்கலாம், தூங்க ஏலல. விக்கலுக்கு குளிசை குடுத்து அனுப்பிட்டோம். மறுநாள் மகன் தூக்கிக்கிட்டு வந்தாரு, ஆளு கொழம்பிப் போயி யாரையும் அடையாளம் தெரியல. கண்டிக்கு அனுப்பி டயலைசிஸ் செஞ்சாங்க, இப்ப பரவாயில்ல. அங்க உள்ள டொக்டர் போன்ல என்கிட்ட கேட்ட மொத கேள்வியே "காமரங்கா சாப்பிட்டாங்களா"ன்னு. மகன்கிட்ட கேட்டா, ஆமா மிஸ், சீனிக்கு நல்லதுன்னு யாரோ சொல்லி விடியக்காலையில வெறும் வயித்துல ஒரு கப் ஜூஸ், ரெண்டு கிழமையா குடிச்சிருக்காங்க. எனக்கு அது தெரியவே தெரியாது. காமரங்காய, அந்த நட்சத்திரம் மாதிரி உள்ள புளிப்புக் காய, நாங்க சின்ன வயசுல உப்பு மொளகாத்தூள் போட்டு எவ்வளவு தின்னுருப்போம்!

அதுல இருந்து கிளினிக்ல ஒவ்வொருத்தரும் கேக்குறது என் காதுல வேற மாதிரி விழுது. கொத்தல ஹிம்புட்டு மரக்கோப்பையில தண்ணி ஊத்தி வச்சு குடிக்கலாமா மிஸ், பாவக்கா ஜூஸ் குடிச்சா ஊசி போடாம விடலாமா மிஸ், கொள்ளு, வெந்தயம், இன்னும் என்னென்னமோ. "டொக்டர்கிட்ட கேளுங்க"ன்னு சொல்லி சொல்லி எனக்கே வெக்கமா இருக்கு, டொக்டருக்கு ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம் கெடைச்சா பெருசு.

அதான் இந்த வர்க்ஷொப் போனா பிரயோசனமா இருக்குமா? இந்த சர்ட்டிபிகேட்டுக்கு மதிப்பு இருக்கா? யாராச்சும் இப்படி போயிருக்கீங்களா? சிங்களம் சமாளிப்பேன், இங்கிலீசுல பாடம் வேகமா போனா கஷ்டம்.

—

மஸ்கெலியா_டிஸ்பென்சரி:

தங்கச்சி, காசு கட்டுறதுக்கு முன்னாடி என் கதைய கேளு.

நான் பத்தொம்பது வருஷமா தோட்டத்து டிஸ்பென்சரியில. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒண்ணுக்கு கொழும்பு போனேன், பேரு வேணாம். விடிய நாலு மணி பஸ், மழை வேற. காலையில ஒருத்தர் குடல் கிருமிய பத்தி பேசினாரு, நெசமா நல்லா இருந்துச்சு, குறிப்பெல்லாம் எழுதினேன். பகல் சாப்பாட்டுக்கு அப்பறம்தான் வேல ஆரம்பம். ஒரு மெஷின் கொண்டு வந்தாங்க, ஒரு கம்பிய கையில புடிச்சிக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னா ஒடம்பு முழுக்க உள்ள விட்டமின், ஈரல், கிட்னி, எலும்பு எல்லாம் நாப்பது பக்கத்துல ரிப்போர்ட் வருமாம். நம்மாளுங்க லைன் கட்டி நிக்கிறாங்க. எனக்கு கை துருதுருன்னுச்சு, கம்ப்யூட்டர்ல விவரம் அடிக்கிற பையன் எங்கட ஆளு, அவன்கிட்ட மெதுவா "ஆண்ங்கிற எடத்துல பெண்ணுன்னு போடு தம்பி"ன்னேன். போட்டான். ரிப்போர்ட் வந்துச்சு. எனக்கு கர்ப்பப்பை கொஞ்சம் வீக்காம், சூலகத்துக்கு சப்ளிமென்ட் வேணுமாம்.

அந்த சப்ளிமென்ட் ஹோலுக்கு வெளிய மேசையில டின் டின்னா அடுக்கியிருந்துச்சு, ஒண்ணு 9,800. காலையில பாடம் நடத்தினவரும் அவருதான், பின்னேரம் மேசைக்கு பின்னால நின்னவரும் அவருதான். தோட்டத்துல வித்தா நமக்கு கொமிஷன் உண்டுன்னு காதுல வேற சொன்னாங்க. 2024ல நாள் சம்பளம் அடிப்படை 1,350ன்னு வர்த்தமானியில போட்டதுக்கே சனம் அவ்வளவு பாடு பட்டுச்சு, அந்த சனத்துக்கிட்ட போயி ஏழு நாள் சம்பளம் ஒரு டின்னுக்குன்னு எப்படிம்மா விக்கிறது.

எல்லாமே அப்படின்னு சொல்லல. ஆனா ஸ்பொன்சர் யாருன்னு கேட்டுட்டு போ.

—

கண்டி_கறிவேப்பிலை:

நான் போசணை படிச்சு அந்த துறையிலேயே வேலை செய்யுறவ. கொஞ்சம் நீளமா எழுதுவேன், மன்னிச்சுக்கோங்க.

மொதல்ல அந்த அம்மாவோட விக்கல். காமரங்காயில ஒக்ஸலேட்னு ஒரு உப்பு நிறைய இருக்கு, அதோட கரம்பொக்சின்னு ஒரு நரம்பு நஞ்சும் இருக்கு. நல்ல கிட்னி அத வடிச்சு வெளிய தள்ளிடும், அதான் நாம சின்ன வயசுல தின்னு ஒண்ணும் ஆகல. கிட்னி பழுதானவங்களுக்கு அது ரத்தத்துலயே தேங்கி மூளைக்கு போகும், மொத அறிகுறியே நிக்காத விக்கல்தான், அப்பறம் கொழப்பம், வலிப்பு, உயிரும் போகலாம். பத்து வருஷ சீனின்னா கிட்னி எந்த நெலமையில இருக்குன்னு பாக்காம சொல்ல ஏலாது. இன்னொண்ணு, கிட்னி நல்லா இருக்குறவங்களும் வெறும் வயித்துல ஜூஸா அடிச்சு நெறைய குடிச்சா ஒக்ஸலேட் போயி அடைச்சு கிட்னி பழுதாகலாம், பிலிம்பிக்காயும் அதே கதைதான், இலங்கையிலேயே இப்படி ஆளுங்கள பத்தி மருத்துவ சஞ்சிகைகள்ல எழுதியிருக்காங்க. பழமா ஒரு துண்டு வேற, ஒரு கிலோவ புழிஞ்சு ஒரு கப்பாக்கி குடிக்கிறது வேற, இந்த வித்தியாசத்த கிளினிக்ல சொன்னாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

இப்ப வர்க்ஷொப்புக்கு வாறேன். ரெண்டு நாள்ல யாரையும் "ப்ரெக்டிஷனர்" ஆக்க ஏலாது, அந்த ஒரு சொல்லே எனக்கு ஒறுத்துது. அமெரிக்காவுல பதிவு செஞ்ச டயட்டிஷியன் ஆகணும்னா 2024ல இருந்து மாஸ்டர்ஸ் படிச்சிருக்கணும், ஆனப்பறமும் அஞ்சு வருஷத்துக்கு 75 மணித்தியாலம் தொடர் கல்வி காட்டணும். அந்த 75க்குள்ளதான் இந்த மாதிரி ரெண்டு நாள் மாநாடெல்லாம் வரும், அதாவது ஏற்கனவே தொழில் தெரிஞ்சவங்க கூர் தீட்டிக்கிறதுக்கு. இங்க ஃப்ளையர்காரங்க அத தலைகீழா கவுத்து, தீட்டுற கல்லையே கத்தின்னு விக்கிறாங்க.

ஸ்பொன்சர் விஷயத்துல மஸ்கெலியா அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. அமெரிக்காவுல டொக்டர்மாருக்கான தொடர் கல்விக்கு அங்கீகாரம் குடுக்குற சபை ஒண்ணு இருக்கு, அவங்க சட்டப்படி மருந்தோ சப்ளிமென்டோ செஞ்சு விக்கிற கொம்பனிக்கு அந்த அங்கீகாரமே கெடையாது, பேசுறவங்களுக்கு எந்த கொம்பனி காசு குடுக்குதுங்கிறத பாடம் தொடங்க முன்னாடியே சொல்லணும், விக்கிற மேசையும் படிக்கிற எடமும் ஒண்ணா இருக்கக் கூடாது. குழந்தைப் பால்மா கொம்பனிங்க சுகாதார ஊழியர்களோட கூட்டங்களுக்கு ஸ்பொன்சர் பண்ணவே கூடாதுன்னு 2016ல உலக சுகாதார மாநாட்டுல வந்த வழிகாட்டல்லயே இருக்கு. அதனால ஃப்ளையர்ல கீழ உள்ள லோகோக்கள பெருசாக்கிப் பாருங்க, பால்மா கொம்பனி ஏதும் இருந்தா மிட்வைஃப்மார் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க வேணாம்.

நீங்க செய்ய வேண்டியது, அவங்களுக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ரெண்டு நாளோட நேரசூசியும் யார் யார் என்ன பேசுறாங்கன்னும் அனுப்பச் சொல்லுங்க, அதோட உங்க கேள்வி ஒண்ணையே கேளுங்க: "கிட்னி பழுதான சீனி ஆளுங்க வீட்டுல குடிக்கிற கைமருந்துகள பத்தி எந்த பாடத்துல வரும்?" பதில்ல தெரிஞ்சிடும். சர்ட்டிபிகேட் உங்க ப்ரமோஷனுக்கு செல்லுமான்னு அவங்கள கேக்காதீங்க, ஒங்க நிர்வாகத்துல கேளுங்க, விக்கிறவன் எப்பவும் செல்லும்னுதான் சொல்லுவான்.

—

வேர்க்கொம்பு:

நான் சித்த வைத்தியன். திருகோணமலையில படிச்சனான், இப்ப பதுளைப் பக்கம் ஒரு அரச ஆயுர்வேத வைத்தியசாலையில வேலை செய்யிறன். எனக்கும் அந்த ஃப்ளையர் வந்தது. "இன்டக்ரேட்டிவ்" எண்டு பெரிசா போட்டிருக்கினம், பேசுற ஆக்களில ஒரு சித்த வைத்தியர் இல்லை, ஒரு ஆயுர்வேத வைத்தியர் இல்லை, யுனானி இல்லை. இதென்ன இன்டக்ரேஷன்? மாப்பிள்ளை இல்லாத கலியாணம்.

இந்த நாட்டில 1961 ஆம் ஆண்டு 31 ஆம் இலக்க ஆயுர்வேத சட்டம் இருக்கு, அதின்ர கீழ ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூண்டுக்கும் பதிவு இருக்கு. நாங்கள் பல்கலைக்கழகத்தில வருசக்கணக்காப் படிச்சு, இன்டர்ன்ஷிப்பும் செய்துதான் வாறம். ஒரு சந்தியில ரெண்டு பக்கமும் ஆஸ்பத்திரி இருக்கும், இங்க சீனிக்குக் குடிநீர் குடுக்கிறம், அங்க கிளிக்லசைட் எண்ட சீனிக் குளிசை குடுக்கினம், ரெண்டையும் ஒரே மனுசன்தான் விழுங்குது. எங்களுக்கு ஆளையாள் தெரியாது.

எங்கட பக்கத்துப் பிழையையும் சொல்ல வேணும். போன வருசம் ஒரு அம்மாவுக்கு இருமலுக்கு அதிமதுரம் சேர்ந்த சூரணம் குடுத்தனான், ஒரு கிழமைக்குச் சொன்னா அவ நல்லாயிருக்கெண்டு ரெண்டு மாசம் சாப்பிட்டிருக்கிறா, பிறசர் ஏறிப்போச்சு. அதிமதுரம் உடம்பில உப்பைப் பிடிச்சு வைக்கும், பொட்டாசியத்தைக் குறைக்கும். அவ பிறசர் குளிசை போடுறா எண்டு நான் கேக்கேல்லை, அவவும் சொல்லேல்லை. கேக்காதது என்ர பிழை.

கொத்தல ஹிம்புட்டு கேட்டிருந்தியள். அந்த மரத்தில கடைஞ்ச கோப்பையில இரவு தண்ணி ஊத்தி வைச்சு விடியக் குடிக்கிறது பழைய வழக்கம். அது மாப்பொருள் சீனியா உடையிறதைத் தாமதமாக்கும், அகார்போஸ் எண்ட இங்கிலீசு மருந்து செய்யிற வேலை மாதிரித்தான். வெறும் பொய்யெண்டு தள்ள ஏலாது. ஆனா இன்சுலினோ கிளிக்லசைட்டோ எடுக்கிற ஆள் அதையும் குடிச்சு, கோவைக்கீரை வறையும் சாப்பிட்டு, விடியச் சாப்பாட்டையும் விட்டா, மலையில ஏறேக்க மயங்கி விழும். குடிக்காதே எண்டு சொல்லாதேங்கோ, சொன்னா ஒளிச்சுக் குடிப்பினம். குடிக்கிறதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கோ. கடைக்காரன் எந்தக் கட்டையை வெட்டி அந்தப் பேரில விக்கிறான் எண்டும் பாக்க வேணும், அது தனிக்கதை.

—

பொகவந்தலாவ_மிட்வைஃப்:

நான் சுருக்கமா சொல்லலாம்னு வந்தேன், முடியாது போல.

இப்படி ஒரு செமினாருக்கு எங்கள கூட்டிக்கிட்டு போனாங்க, ஃப்ரீதான். ஸ்லைட்ல கீன்வா, ப்ளூபெரி, சால்மன் மீன். எனக்கு பக்கத்துல இருந்த அக்கா "இதெல்லாம் எந்த டிவிஷன்ல வெளையுது"ன்னு கேட்டாங்க, நான் சிரிச்சு டீச்சர் மொறைச்சாங்க. எங்க தாய்மாரு விடிய கோதுமை மா ரொட்டியும் கட்டச்சம்பலும், அதுக்கு மேல சாயத்தண்ணி. மலைக்கு போறப்ப போத்தல்ல சாயம். பகலும் ரொட்டி. இத விட்டுட்டு கீன்வாவா?

2016 குடித்தொகை சுகாதார ஆய்வுல அஞ்சு வயசுக்கு கீழ வயசுக்கேத்த வளர்த்தி இல்லாத பிள்ளைங்க நாடு முழுக்க 17.3 வீதம், தோட்டப்புறத்துல 31.7 வீதம். இத எல்லா செமினார்லயும் மொத ஸ்லைட்ல போடுறாங்க, அடுத்த ஸ்லைட்ல பாதாம். நடுவுல ஒண்ணுமே இல்ல.

நான் என்ன செய்யுறேன்னா, சாயத்த நிறுத்துன்னு சொல்லுறதில்ல. சொன்னா யாரு கேப்பா, தேயிலைத் தோட்டத்துல வந்து தேத்தண்ணி குடிக்காதன்னா சிரிப்பாங்க. ரொட்டியோட குடிக்காத, ஒரு மணித்தியாலம் கழிச்சு குடின்னு சொல்லுறேன். சாயத்துல உள்ள துவர்ப்புதான் சாப்பாட்டுல உள்ள இரும்பு ஒடம்புல சேர விடாம புடிச்சுக்கிறது, பருப்பு, கீரையில இருந்து வர்ற இரும்புதான் அதுல கூட அடிபடுது. வல்லாரை சம்பல்ல தேசிக்காய் புழிஞ்சா, இல்ல கூட ஒரு கொய்யாப்பழம் தின்னா அந்த விட்டமின் சி இரும்ப இழுத்துக் குடுக்கும். கிளினிக்ல குடுக்குற இரும்புக் குளிசைய ராவைக்கு விட்டமின் சி குளிசையோட, கல்சியத்த காலையில, ரெண்டையும் ஒண்ணா போட வேணாம். ஒரு பிள்ள என்கிட்ட கேட்டா, "மிஸ், இரும்புக் குளிசைய சாயத்தண்ணியிலதான் முழுங்குறேன், பச்சத்தண்ணி சளி புடிக்கும்னு மாமி சொல்றாங்க." ஏழு மாசம் அப்படி முழுங்கியிருக்கு! ரத்தத்துல எச்.பி. ஏறல ஏறலன்னு நாங்க குளிசைய கூட்டிக்கிட்டே இருந்தோம். மாமிய கூப்பிட்டு சுடுதண்ணி ஆறவச்சு குடுங்கன்னு சொன்னேன், அவங்களுக்கும் கோபமில்ல எனக்கும் கோபமில்ல.

எனக்கு செமினார் வேணும்னா இத சொல்லிக் குடுக்குற செமினார் வேணும், தமிழ்ல. தமிழ்ல ஸ்லைட் போடச் சொல்லி கேட்டா "எல்லாருக்கும் சிங்களம் வெளங்கும்தானே"ங்கிறாங்க. வெளங்கும், ஆனா நான் போயி அந்தப் பிள்ளைக்கு எந்த சொல்லுல சொல்லுறது?

—

கொட்டகலை_நர்ஸ்:

கறிவேப்பிலை அக்கா சொன்ன மாதிரியே மெசேஜ் போட்டேன். நேரசூசி அனுப்பல, "சீட் முடியப் போகுது மேடம், இன்னைக்கே கட்டுனா 13,500"ன்னு பதில் வந்திச்சு. கைமருந்து கேள்விக்கு, "எங்க டீட்டொக்ஸ் மொடியுல்ல எல்லாம் வரும்"னாங்க. அந்த டீட்டொக்ஸ்ல என்ன குடுப்பீங்கன்னு கேட்டேன், வெறும் வயித்துல பச்சக்கீரை ஜூஸாம், கீரைய பச்சையா புழிஞ்சு. கிட்னி ஆளுங்களுக்குமான்னு கேட்டேன், ப்ளூ டிக் விழுந்துச்சு, பதிலக் காணோம்.

—

கண்டி_கறிவேப்பிலை:

பச்சக்கீரை ஜூஸ்! பசளி மாதிரி கீரையிலயும் ஒக்ஸலேட் கூடத்தான், அவிச்சு தண்ணிய வடிச்சா கொறையும், பச்சையா புழிஞ்சா அப்படியே உள்ள போகும். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எடுக்குறவங்க திடீர்னு தெனம் அவ்வளவு கீரை குடிச்சா விட்டமின் கே ஏறி மருந்தோட வேகத்தக் கொறச்சிடும், அளவு ஒரே மாதிரி இருந்தா பிரச்சினையில்ல, ஏத்தி எறக்குறதுதான் ஆபத்து. அவங்ககிட்ட போயி நீங்க பாடம் எடுக்கலாம் போல.

செலவில்லாம படிக்க வழி இருக்கு. அமெரிக்க அரசாங்கத்துல நிரப்பு மருத்துவத்த ஆராயுறதுக்குன்னே ஒரு நிலையம் இருக்கு, 2014 கடைசியில "நிரப்பு மற்றும் ஒருங்கிணைந்த சுகாதாரம்"னு பேர் மாத்தினாங்க, அவங்க வெப்சைட்ல ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு பக்கம் போல, என்ன தெரியும், எந்த மருந்தோட மோதும்னு எளிய இங்கிலீசுல எழுதியிருக்காங்க. நம்ம ஊரு மூலிகை எல்லாம் இருக்காது, மஞ்சள், இஞ்சி, அதிமதுரம் இருக்கு. போன்ல மொழிபெயர்த்தும் படிக்கலாம், ஆனா அளவு விஷயத்துல அந்த மொழிபெயர்ப்ப நம்பாதீங்க. கண்டி மருத்துவ சங்கத்தோட கல்வி அமர்வுகளும் இருக்கு, ஒங்க டொக்டர்கிட்ட கேளுங்க நர்ஸ்மார் வரலாமான்னு.

—

மஸ்கெலியா_டிஸ்பென்சரி:

17,500 கேட்டான், அப்பறம் 15,000, இப்ப 13,500. இன்னும் நாலு நாள் பொறுத்தா அவன் உனக்கு காசு குடுப்பான் தங்கச்சி.

—

கொட்டகலை_நர்ஸ்:

போகல அண்ணே, முடிவு பண்ணிட்டேன்.

ஆனா இந்த திரெட்ட எங்க டொக்டர்கிட்ட காட்டினேன். அவரு நல்ல மனுசன், படிச்சிட்டு "ஹோல் இருக்கு, புரொஜெக்டர் இருக்கு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாமளே செய்வோம்"னாரு. வேர்க்கொம்பு சேர், நீங்க பதுளையில இருந்து ரயில்ல வந்தா ஹட்டன்ல எறங்கலாம், நாங்க வந்து கூட்டிக்கிட்டு போறோம், வருவீங்களா? பொகவந்தலாவ அக்கா அந்த இரும்புக் குளிசை கதைய தமிழ்லயே சொல்லணும். கறிவேப்பிலை அக்கா கண்டியில இருந்து ஒன்லைன்ல வந்தாலும் சரி.

நான் ஒண்ணு ஏற்கனவே ஆரம்பிச்சிட்டேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்ல எல்லாரையும் வீட்டுல குடிக்கிறது, பூசுறது, மெல்லுறது எல்லாத்தையும் ஒரு ஷொப்பிங் பேக்ல போட்டு கொண்டு வாங்க, யாரையும் ஏசமாட்டேன்னு சொன்னேன். முப்பத்தஞ்சு பேருல பதினோரு பேரு கொண்டு வந்தாங்க. கொத்தல ஹிம்புட்டு கட்டை ரெண்டு, அதுல ஒண்ணு பாத்தா வேற ஏதோ மரம் மாதிரி இருக்கு, சேர்தான் பாத்து சொல்லணும். ஒருத்தர் எந்த லேபலும் இல்லாத கறுப்பு உருண்டை ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் நெறைய. வெந்தயம், கருஞ்சீரகம், ரெண்டு பேருகிட்ட வெளிநாட்டுல இருக்குற மக அனுப்புன விட்டமின் டின், ஒரு டின் முடிஞ்சு மூணு வருஷம். ஒரு தாத்தா பேக்க தொறந்து ஒரே ஒரு காமரங்காய எடுத்து மேசையில வச்சாரு, "இது தப்பாம்ல மிஸ், பக்கத்து லயத்து அக்காவுக்கு ஆனத கேள்விப்பட்டேன், மரத்தையே வெட்டிரவா"ன்னாரு. மரம் நிக்கட்டும் தாத்தா, பேரப்பிள்ளைங்க தின்னட்டும், நீங்க மட்டும் ஜூஸ் அடிக்காதீங்கன்னு சொல்லி, அவரோட கிட்னிக்குப் பாக்குற கிரியட்டினின் டெஸ்ட் எப்ப பாத்ததுன்னு கொப்பிய பொரட்டினேன். ஒன்னேகால் வருஷம் ஆகுது. அன்னைக்கே எழுதி அனுப்பியாச்சு.

சனிக்கிழமை தேதி டியூட்டி ரோஸ்டர் வந்ததும் போடுறேன். மஸ்கெலியா அண்ணே, அந்த கர்ப்பப்பை ரிப்போர்ட் இன்னும் வச்சிருந்தா மறக்காம எடுத்துக்கிட்டு வாங்க, டொக்டர் மொத ஸ்லைட்டுக்கு அதத்தான் கேக்குறாரு.

—

மஸ்கெலியா_டிஸ்பென்சரி:

லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்.